விளையாட்டுக் கலப்பை

குழந்தைகள் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடையாது. மீதிப் பாதிக்குப் பதில் உண்டு. ஆனால் அதைச் சொல்லப் பெரியவர்களுக்குத் தைரியம் கிடையாது. கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் பேரன் கேட்ட கேள்வி இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை. அதற்குப் பதில் இருந்தது. ஆனால் வாயால் சொன்னால் போதாது, கையால் செய்து காட்ட வேண்டும். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பையனுக்கு வயது ஆறு. அவன் கொண்டுவந்த பெட்டியில் துணிமணிகளைவிடப் பொம்மைகள் அதிகம். அவற்றில் ஒன்று சிவப்பு டிராக்டர். பாட்டரியில் ஓடுவது. பொத்தான் வைத்த சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அமுக்கினால் முன்னே போகும், பின்னே வரும், விளக்கு எரியும், 'டுப் டுப்' என்று சத்தம்கூடப் போடும். திண்ணையில் அதை ஓட்டிக்கொண்டிருந்தவன், தெருவில் போன நிஜ டிராக்டரைப் பார்த்துவிட்டான். அதன் பின்னால் கலப்பை மாட்டியிருந்தது. கொழுக்களில் மண் அப்பியிருந்தது.

"தாத்தா, என் டிராக்டருக்குப் பின்னாலே ஒண்ணுமே இல்லையே. அப்போ இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. காளை மாடு ஒன்றையும் இழுக்காமல் சும்மா நின்றாலும் காளை மாடுதான். அசைபோடும், ஈ ஓட்டும், நம்மைப் பார்க்கும். பின்னால் ஒன்றும் மாட்டாத டிராக்டர் வெறும் சத்தம்.

"அதற்கென்ன, ஒரு கலப்பை வாங்கி மாட்டிவிடலாம்" என்றேன். வாக்குக் கொடுப்பதில் எழுத்தாளர்கள் ஒருநாளும் சிக்கனம் பார்த்ததில்லை.

திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பொம்மைக் கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினேன். டிராக்டர் இருக்கிறது, மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் இருக்கிறது. கலப்பை இல்லை. ஒரு கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு, "வேணும்னா டிரெய்லர் வச்ச டிராக்டர் ஒண்ணு எடுத்துக்கிடுங்க ஸார்" என்றார். சுமை ஏற்ற வண்டி வேண்டும், உழ ஒன்றும் வேண்டாம் என்று பொம்மை செய்கிறவர்களே தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கஷ்டம் கிடையாது. அயோவா மாகாணத்தில் ஃபிரெட் எர்ட்ல் என்பவர் 1945-ல் வீட்டு உலையிலேயே அலுமினியத்தை உருக்கி டிராக்டர் பொம்மை வார்க்க ஆரம்பித்தார். அது பெரிய தொழிலாயிற்று. அதே மாகாணத்தில் டையர்ஸ்வில் என்கிற சிற்றூரில் 1986 முதல் பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தலை நரைத்த விவசாயிகள் அங்கே பொம்மை டிராக்டருக்கு ஏற்ற கலப்பையும் விதைக்கும் யந்திரமும் கையாலேயே செய்து, ஒருவருக்கொருவர் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அளவுதான் தெய்வம். நிஜத்தில் 16-ல் ஒரு பங்கு என்றால் எல்லா அங்கமும் 16-ல் ஒரு பங்கு. ஓர் ஆணிகூட ஏமாற்றக் கூடாது.

நானும் அளவு பார்க்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் டிராக்டர் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனேன். நான் குனிந்து அளப்பதை அவர் சற்று நேரம் கவலையோடு பார்த்துவிட்டு, "பாங்குக் கடன் விஷயமா யாரும் அனுப்பினாங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்து மோர் கொடுத்தார். டிராக்டரின் நீளம் 11 அடி. பேரனுடைய பொம்மை எட்டேகால் அங்குலம். வகுத்துப் பார்த்தால் சரியாக 16! ஊர் பேர் தெரியாத ஒரு பொம்மைத் தொழிற்சாலை, அயோவாவின் சாஸ்திரத்துக்கு இம்மி பிசகாமல் நடந்திருக்கிறது. கலப்பையின் அகலம் ஏழு அடி. ஆகவே நமக்கு வேண்டியது ஐந்தேகால் அங்குலக் கலப்பை.

முதலில் அம்பாசமுத்திரத்துக்குத்தான் போனேன். மரச்செப்புக்குப் பேர்போன ஊர். தாமிரவருணிக் கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தச் செப்புச் சாமான்களில் ஒரு கல்யாணமாவது சமைத்திருப்பாள். அடுப்பு, பானை, அம்மி, உரல், திருகை என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு முழு அடுக்களை. கடைசல் பட்டறையில் மரம் சுற்றும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி, நிறம் வழுவழுவென்று மரத்தில் ஏறிக்கொள்ளும். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை.

பட்டறைக்காரர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, நம்ம கடைசல்லே சுத்தி வர்றது எல்லாம் உருண்டையாத்தான் வரும். கலப்பையிலே உருண்டை எது? சொல்லுங்க, அதைக் கடைஞ்சு தாரேன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். கலப்பையில் உருண்டையான அங்கம் ஒன்றுகூட இல்லை. அடுக்களை முழுக்க வட்டம். வயல் முழுக்கக் கோணல். இதை எழுபது வயது வரைக்கும் நான் கவனித்ததில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னொன்றும் தோன்றியது. பெண்குழந்தைக்கு அடுக்களையையே சின்னதாக்கிக் கொடுத்த நம் முன்னோர், ஆண்குழந்தைக்கு ஏன் கலப்பையைச் சின்னதாக்கிக் கொடுக்கவில்லை? சிறுதேர் இருந்தது. பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. எங்கள் காலத்தில் நுங்கு வண்டி இருந்தது. பனங்காய் வண்டி இருந்தது. கலப்பைப் பொம்மையை நான் கண்டதில்லை. எட்டு வயதுப் பையன் கையில் நிஜ மேழியையே கொடுத்துவிடுகிற ஊரில் பொம்மைக் கலப்பை எதற்கு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. ஆனால் ஹரியானாவில் பனாவலி என்ற இடத்தில், சிந்துவெளிக் காலத்து மண்மேட்டில், சுட்ட களிமண்ணால் செய்த கலப்பைப் பொம்மை ஒன்று கிடைத்திருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தை கேட்டிருக்கிறது. யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். நான்தான் கண்ட கண்ட கடையெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் எங்கள் ஊர் ஆசாரியிடம் போனேன். எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனம், வீரவநல்லூருக்குப் பக்கம். ஆசாரிக்கு என்னைவிட எட்டு வயது கூடுதல். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இப்போது கதவு, ஜன்னல் எல்லாம் கடையில் தயாராகவே வந்துவிடுவதால் அவர் பட்டறையில் வேலை அநேகமாக இல்லை. கட்டில் கால், நாற்காலிக் கை என்று ஏதாவது ரிப்பேர் வரும். பொம்மை டிராக்டரை எடுத்து அவர் பட்டறைப் பலகைமேல் வைத்தேன்.

வைத்த பிறகுதான், நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது.

எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் ஓடிய கலப்பைகளில் முக்கால்வாசி அவரும் அவருடைய தகப்பனாரும் செய்தவை. கலப்பைக்குக் கருவேல், நுகத்தடிக்குப் பூவரசு என்று மரத்தை நின்றநிலையிலேயே பார்த்துக் குறித்துவைப்பார்கள். அதற்குக் காசு கிடையாது. அறுப்புக் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். சுதந்திரம் என்று அதற்குப் பெயர். எங்கள் அப்பா கடைசி ஜோடிக் காளையை விற்றது 1984-ல். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஊரில் எல்லோருமே விற்றுவிட்டார்கள். ஒருவரும் அவரிடம் போய், "இனிமேல் கலப்பை வேண்டாம்" என்று சொல்லவில்லை. கேட்க வருவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான். எந்தச் சாமான் வந்து அவருடைய தொழில் போயிற்றோ, அதே சாமானைப் பொம்மையாகக் கொண்டுபோய், இதற்கு ஒரு கலப்பை செய்து கொடுங்கள் என்று நிற்கிறேன்.

அவர் டிராக்டரைக் கையிலெடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பேரப்பிள்ளை கேட்டானாக்கும்" என்றார். பிறகு, "தம்பி, உங்க வீட்டிலே அப்பாவோட கலப்பை ஒண்ணு கிடந்துதே. நான்தான் செஞ்சது. அதை எடுத்துட்டு வாங்க. கொழு சாய்மானம் பாத்துக்கிடலாம்" என்றார்.

அந்தக் கலப்பை மாட்டுத் தொழுவத்துச் சுவரில் ஒரு வருஷம் சாய்ந்து நின்றது. பிறகு ஒருநாள், விறகு இல்லை என்று வீட்டில் சொன்னபோது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னவன் நான்தான்.

"அது இல்லை அண்ணாச்சி. வெந்நீருக்கு எரிச்சாச்சு."

ஆசாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல கருவேலு. நின்னு எரிஞ்சிருக்கும்" என்றார்.

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. அவர் ஒரு நிபந்தனை போட்டார்: பையன் பக்கத்தில் இருக்க வேண்டும், கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். நானும் இருக்கலாம், ஆனால் எதையும் தொடக்கூடாது.

நாங்கள் செய்தது இங்கே 'ஒன்பது கலப்பை' என்று சொல்கிறார்களே, அது. இரும்புச் சட்டத்தில் முன்வரிசை நாலு, பின்வரிசை ஐந்தாக ஒன்பது கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கொழு. கல்லோ வேரோ தடுத்தால் முறியாமல் மடங்கிக் கொடுக்க ஒவ்வொரு காலுக்கும் ஸ்பிரிங். சட்டத்துக்கு வாகைச் சில்லுகளை இழைத்தார். கால்களுக்குச் சைக்கிள் சக்கரக் கம்பி. கொழுவுக்குப் பால்பவுடர் டப்பாத் தகரம். ஸ்பிரிங்குக்கு என் பேனாக்கள். உள்ளே இருக்கும் சுருள்கம்பி இந்த அளவுக்குக் கனகச்சிதம்! ஒன்பது பேனாவைப் பிரித்தோம். இத்தனை வருஷம் எழுதியதில் என் பேனாக்கள் உழவுக்குப் பயன்பட்டது அன்றுதான்.

டிராக்டரோடு கலப்பையை இணைக்கும் இடம்தான் சிரமமாயிற்று. வண்டியில் மாட்டைப் பூட்டுகிற மாதிரி ஒரு கயிற்றிலோ சங்கிலியிலோ கட்டினால் போதாது. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். இது ஹாரி ஃபெர்குஸன் என்ற ஐரிஷ்காரருடைய மூளை. அதற்கு முன்பெல்லாம் டிராக்டர் கலப்பையைச் சும்மா பின்னால் இழுத்துக்கொண்டு போகும்; கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டர் குதிரைபோல் முன்காலைத் தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்து விழும். ஃபெர்குஸன் ஏற்பாட்டில், கலப்பையை மண் பிடித்து இழுக்கிற இழுப்பே டிராக்டரின் சக்கரங்களைத் தரையில் அழுத்திக் கொடுக்கும். 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் அது வந்தது. பிறகு உலகமெல்லாம் பரவியது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனி, மாஸ்ஸி ஃபெர்குஸன் கூட்டில் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. அந்த ஐரிஷ்காரர் பெயர் எங்கள் வயலிலும் ஓடியது அப்படித்தான்.

இதையெல்லாம் நான் ஆசாரிக்கு விளக்கினேன். அவர் சைக்கிள் செயினிலிருந்து கண்ணிகளைக் கழற்றி மூன்று கையாக மாட்டிக்கொண்டே, "கலப்பை இழுக்கிற இழுப்பை மாட்டோட கழுத்துக்கு ஏத்தி இறக்கித் தர்றதுதானே ஏர்க்கால்? அதைத்தான் அவரும் செஞ்சிருக்காரு" என்றார். ஐரிஷ்காரருக்கு இந்தச் சான்றிதழ் போதும்.

ஆறாம் நாள் கொல்லையில் வெள்ளோட்டம். கார் சாகுபடிக்கு அணையில் இன்னும் தண்ணீர் திறக்காத சமயம். வயல் காய்ந்து கிடந்தது. ஆகவே கொல்லையிலேயே இரண்டு முழ நீளத்தில் பாத்தி கட்டி, வயல் மண்ணை வெட்டிக்கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். பையன் பொத்தானை அமுக்கினான். டிராக்டர் 'டுப் டுப்' என்று கிளம்பியது. கலப்பை மண்ணைத் தொட்டது. தொட்டு, அதன்மேல் வழுக்கிக்கொண்டே போயிற்று. ஒன்பது கொழுவும் பூனை நகம் பதிந்த மாதிரி ஒன்பது கீறல் போட்டன. கையால் கொஞ்சம் அழுத்தினால், டிராக்டர் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றியது.

பேரன் என்னைப் பார்த்தான். நான் ஆசாரியைப் பார்த்தேன். அவர், "பாரம் இல்லே" என்றார்.

அன்று ராத்திரி காகிதத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆசாரி சொன்ன ஒற்றைச் சொல்தான் விடையாக வந்தது. நீளத்தை 16-ல் ஒன்றாக்கினால் அகலமும் உயரமும் அப்படியே குறைகின்றன. ஆகவே கனம் 16-ல் ஒன்று அல்ல, 4,096-ல் ஒன்றாகிவிடுகிறது. இரண்டு டன் டிராக்டர் அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக் பொம்மை அதுகூட இல்லை. மளிகைக் கடைத் தராசில் 300 கிராம்தான் காட்டியது. ஏறக்குறைய 250 கிலோ இருக்கும் கலப்பை 60 கிராம் ஆகவேண்டும். நம்முடையது நாற்பது. இன்னொரு சங்கடமும் உண்டு. மண் ஒட்டுவது பரப்பைப் பொறுத்தது. பரப்பு 256-ல் ஒன்றாகத்தான் குறையும். கனம் அதைவிடப் பதினாறு மடங்கு கூடுதலாகக் குறைந்துவிட்டது. அதாவது, எல்லாவற்றையும் பொம்மையாக்கிவிட்டோம். மண் மட்டும் பொம்மையாகச் சம்மதிக்கவில்லை. சின்னக் கலப்பைக்கு அது பதினாறு மடங்கு பசையுள்ள மண்.

மறுநாள் டிராக்டரின் வயிற்றில் இரும்புத் திருகுகளை நிரப்பினோம். கலப்பைச் சட்டத்தில் தூண்டில் ஈயம் கட்டினோம். மண்ணில் ஆற்று மணலைக் கலந்து பசையைக் குறைத்தோம். கலப்பை உழுதது. ஒன்பது சால், அரை அங்குல ஆழம், நேர்கோடு. பையன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் கழித்து ஆசாரி தாமாகவே வந்தார். மடியிலிருந்து ஒரு சின்னப் பலகையை எடுத்தார். ஆறு அங்குல நீளம், பூவரசு, அடிப்பக்கம் இழைத்து வழவழவென்று இருந்தது. பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். பரம்பு.

நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உழுது, தண்ணீர் கட்டி, மண் தொளியாகிக் குழைந்த பிறகு, நாற்று நடுவதற்கு முன் வயலை மட்டப்படுத்த இந்தப் பலகையை இழுப்பார்கள். மரமடிப்பது என்றும் சொல்வார்கள். மேடும் பள்ளமுமாக விட்டால் மேட்டில் பயிர் காயும், பள்ளத்தில் அழுகும். கலப்பை இரும்பாகிவிட்டது, டிராக்டருக்குப் பின்னால் இன்னும் பல இடத்தில் மரமாகவே போவது இந்தப் பலகை ஒன்றுதான். "கொழு, ஸ்பிரிங்கு எல்லாம் கொல்லன் வேலை தம்பி. நான் செஞ்சது உங்களுக்காக. இது என் வேலை" என்றார்.

பாத்தியில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தோம். தொளியில் சிக்காமல் இருக்க டிராக்டரின் சக்கரங்களுக்குத் தகரத்தில் பல் வைத்துக் கட்டினார். பலகையைக் கட்டி இழுத்தோம். மறுபடியும் அதே கதைதான். பலகை தொளியின்மேல் தக்கைபோல மிதந்து போயிற்று. ஒரு கட்டியைக்கூட அமுக்கவில்லை.

"ஆள் நிக்கலையே" என்றார் ஆசாரி.

ஆமாம். பரம்பின்மேல் ஆள் நிற்க வேண்டும். நிற்கிறவனுடைய பாரம்தான் வயலை மட்டமாக்குகிறது. 1950-களின் கடைசியில், எனக்கு ஐந்து வயது இருக்கும்போது, அப்பா என்னையும் பரம்பில் ஏற்றிக்கொள்வார். அவர் காலை அகட்டி நிற்பார். நான் இரண்டு கால்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். மாடுகள் போகும், தொளி இரண்டு பக்கமும் மடிந்து மடிந்து விழும், கொக்குகள் பின்னாலேயே வரும். அதைவிட நல்ல சவாரி எனக்குப் பிறகு எந்த வாகனத்திலும் கிடைத்ததில்லை. இத்தனை வருஷத்தில் அது என் நினைவுக்கும் வந்ததில்லை.

கணக்குத்தான் தெரியுமே. அப்பா அறுபது கிலோ இருப்பார். 4,096-ஆல் வகுத்தால் பதினைந்து கிராம். சட்டைப்பையில் இருந்த காசுகளை மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். பத்து ரூபாய்க் காசு இரண்டு சேர்ந்தால் பதினைந்து கிராம் வந்தது. ஐந்து வயதுப் பையனுக்கு மூன்றிலிருந்து மூன்றரை. அதற்கு ஒரு ரூபாய்க் காசு ஒன்று போதும்.

மூன்று காசுகளையும் பலகைமேல் வைத்தோம். பேரன் பொத்தானை அமுக்கினான். பலகை தொளியில் அமர்ந்து, கட்டிகளை மடித்து அமுக்கிக்கொண்டு, வரப்புவரைக்கும் போயிற்று. பின்னால் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது.

"இதிலே நீ எது தாத்தா?" என்று கேட்டான்.

காட்டினேன்.

"ஒரு ரூபாய்தானா?" என்றான். ஆசாரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

கூலி எவ்வளவு என்று கேட்டபோது, "கலப்பைக்கு நான் காசு வாங்கினதே கிடையாதே" என்றார். எங்கள் நிலத்தைப் பங்காளி பயிரிடுகிறார். என்னிடம் நெல் ஏது? அவரிடம் போய், பிசானத்தில் விளைந்து குதிரில் கிடந்த நெல்லில் இரண்டு மரக்கால் கேட்டு வாங்கினேன். அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் கொடுத்த நெல். அதாவது எங்கள் வீட்டுக் கலப்பை எரிந்துபோனதற்கு அடுத்த வருஷம் வந்தது. ஆசாரி ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, துண்டில் கட்டிக்கொண்டார்.

விடுமுறை முடிந்து பேரன் டிராக்டரையும் கலப்பையையும் பரம்பையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான். மூன்று காசுகளையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே நாலாவது மாடியில் தொளிக்கு எங்கே போவான் என்று நினைத்தேன். போன வாரம் டெலிபோனில் பேசினான். பால்கனியில் பூந்தொட்டி வைக்கிற பெரிய தட்டில் மண்ணைக் கொட்டிக் குழைத்து வயல் செய்திருக்கிறானாம். அவன் அம்மா திட்டுகிறாளாம். அது கிடக்கட்டும், வேறொரு தொந்தரவு.

"தாத்தா, பலகை போகும்போது அந்த ஒரு ரூபாய்க் காசு மட்டும் கீழே விழுந்துக்கிட்டே இருக்கு."

"ரெண்டு பத்து ரூபாய்க் காசுக்கும் நடுவிலே வைச்சுப் பாரு. விழாது" என்றேன்.